தோற்றவர் காதுக்கு ஒரு கிளிப்

1

தேவிகுளத்தில் ஜீப் ஓட்டும் என் சிநேகிதன் சுப்பையா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். மழை எப்படி, ஜெயந்தி எப்படி, பிள்ளை எப்படி என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வருவான். "ஏலே பாண்டி, அங்க சீட்டு வெளாடுதியா இல்லயா?" இல்லை என்று சொன்னால்தான் அவன் மனசு ஆறும். நான் கிளம்பி வந்த பிறகு இருபத்தெட்டு ஆட அவனுக்குச் சரியான ஜோடி அமையவில்லையாம்.

போன வாரம் ஆடினேன் என்று சொன்னேன். ஜெயித்தாயா என்றான். தோற்றேன், ஒன்றுமே வாங்கவில்லை என்றேன்.

"பெறவு? குணுக்கு போட்டியா?"

"போட்டேன்."

"எப்பக் கழட்டுன?"

"உடனே கழட்டிட்டேன்."

"ஜெயிக்காமலேயா? கள்ளப் பயலே!" என்று சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. நானும் சிரித்தேன். அவனுக்கு ஒன்றையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளிநாடு வந்த பிறகு அந்தச் சுகம் எனக்கு எப்போதாவதுதான் கிடைக்கிறது.

ஆனால் உங்களுக்கு விளக்கியாக வேண்டும். எங்கள் மலைப்பக்கம் இருபத்தெட்டு என்று ஒரு சீட்டாட்டம் உண்டு. அதில் ஜாக்கிதான் பெரியவன், ராஜா அவனுக்குக் கீழே. தோற்பவர் காதில் எதையாவது தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்கார வேண்டும். பூவோ, இலைக்காம்போ, தீப்பெட்டி அட்டையோ, கையில் எது கிடைக்கிறதோ அது. அதற்குப் பெயர்தான் குணுக்கு. ஜெயித்தால்தான் கழற்றலாம். நடுவில் டீக்கடைக்குப் போனாலும் அதோடுதான் போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். பாருங்கள், விளக்கி முடித்ததும் அதில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

2

நான் இங்கே வந்தது ஜெயந்தியின் தயவில். அவள் நர்ஸ். இங்கிலாந்தின் வடக்கே, மழைக்குப் பேர்போன ஒரு சின்ன நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. விசாவில் அவளோடு ஒட்டிக்கொண்டு நானும், அப்போது ஏழு வயதாக இருந்த எங்கள் மகள் கயலும் வந்து சேர்ந்தோம். ஊரில் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காய வைக்கும் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவன், இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளைக் காய வைக்கிறேன். வேலை பெரிதாக மாறிவிடவில்லை. வாசனைதான் மாறிவிட்டது.

காகிதத்தில் எங்கள் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் என் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டதால், ஆஸ்பத்திரியில் நான் மிஸ்டர் சுடலைமுத்து. செத்துப்போன மனுஷனுக்குத் தடுப்பூசி போட வரச்சொல்லிக் கடிதம் வருகிறது. ஜெயந்திக்கு அவள் அப்பா பெயர், கயலுக்கு என் பெயர். விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர் மூன்று பாஸ்போர்ட்டையும் விசிறி போல் விரித்து வைத்துக்கொண்டு, நீங்கள் ஒரே குடும்பமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் விளக்குகிறேன்.

எந்த ஊர் என்று கேட்டால் அது இன்னொரு பாடு, தேவிகுளம் இருப்பது கேரளத்தில், நாங்களோ தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். இங்குள்ள மலையாளிகள் ஓணத்துக்குக் கூப்பிடுவார்கள். பாயசத்தை ஊற்றியபடியே, "பாண்டியன் தமிழனல்லே?" என்று ஒருவர் சிரிப்பார். தமிழர்கள் பொங்கலுக்குக் கூப்பிடுவார்கள். "கேரளாவா? ஆனா தமிழ் நல்லாப் பேசுறீங்களே!" என்று அங்கே ஒரு அம்மா வியப்பார். இரண்டு இடத்திலும் நான் விருந்தாளிதான். ஊரிலும் இதே கதை. வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, எஸ்டேட்டில் பாதி இங்கிலீஷ், ஆபீஸ் வாசலில் மலையாளத்தில் அபேட்சை மனு எழுதிவிட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் நின்று விளக்கம். பிறந்தது முதல் விளக்கியே களைத்துப்போன ஆள் நான்.

குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கும்போது கொஞ்சம் நம்பிக்கை வந்தது. எந்த ராஜாவுக்கு எத்தனை மனைவி, எந்தப் போர் எங்கே நடந்தது என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து பாஸ் பண்ணினேன். ஆனால் சலவைக்கூடத்தில் தேநீர் நேரத்தில் இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

3

இங்கே பெரியவர்களுக்கு என்று ஒரு சீட்டாட்டம் பெட்டியில் வருகிறது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று மருந்துப் புட்டியில் போடுவது போல் அதன் மேலும் போட்டிருக்கிறது. மஞ்சள் சீட்டில் ஒரு வாக்கியம் இருக்கும், நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கும். ஆளுக்கு ஏழெட்டு வெள்ளைச் சீட்டு. அதில் ஒன்றை அந்தக் காலி இடத்துக்கு என்று குப்புறப் போட வேண்டும். ஒருவர் எல்லாவற்றையும் உரக்கப் படிப்பார். எதற்கு அதிகம் சிரிப்பு வருகிறதோ அதைப் போட்டவருக்கு மஞ்சள் சீட்டு. துருப்பும் கிடையாது, கணக்கும் கிடையாது. சிரிப்பு மட்டும்தான் கணக்கு.

வெள்ளைச் சீட்டில் பாதி, இங்கே நான் எழுத முடியாதவை. மீதிப் பாதி புரியாதவை. இரண்டும் சேர்ந்த சீட்டு கையில் வந்தால்தான் ஆபத்து.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு அது வந்தது. எங்கள் பிரிவின் கிறிஸ்துமஸ் விருந்து. குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். ஜெயந்திக்கு டூட்டி, கயலை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது பதினேழு. சாப்பாடு முடிந்து தட்டுகளை ஒதுக்கிவிட்டு இந்தப் பெட்டியைத் திறந்தார்கள். என் கையில் இருந்த ஒரு சீட்டில் இரண்டே இரண்டு சொற்கள். ஒன்று பறவையின் பெயர், மற்றது அடுப்படிச் சாமான். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. கிறிஸ்துமஸ் பலகாரமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அதை உரக்கப் படித்து, இதற்கு என்ன அர்த்தம் என்று மேசை முழுவதையும் பார்த்துக் கேட்டேன்.

 எங்கள் சூப்பர்வைசராக இருக்கும் பையன் எழுந்து நின்று விளக்கினான். கையாலும் விளக்கினான். மேசையே அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து நாற்காலி காலி. கயல் காரில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அப்பா, புரியலன்னா சும்மா சிரிங்க. எல்லாரும் அதத்தான் பண்றாங்க. ப்ளீஸ், மீனிங் மட்டும் கேக்காதீங்க."

அதற்குப் பிறகு கயல் சிநேகிதர்கள் யாரையும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. காரணம் கேட்டால் வீடு சின்னது என்பாள். வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் போனாள். பக்கத்திலும் இடம் இருந்தது, அவள் தூரத்தைத்தான் எடுத்தாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. மீனிங் கேட்கக் கூடாது அல்லவா?

4

இந்த ஈஸ்டருக்கு அவளே போன் செய்தாள். ஹன்னாவும் ஜோஷும் வரலாமா என்று கேட்டாள். அங்கே ஒரே வீட்டில் தங்கியிருக்கும் சிநேகிதர்கள். இரண்டு ராத்திரி தங்குவார்களாம். அத்தோடு போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். கோடை விடுமுறைக்கும் அந்த வீட்டையே வைத்துக்கொண்டு மூன்று பேரும் அங்கேயே வேலை தேடலாம் என்று பேச்சு இருக்கிறதாம். "இன்னும் டிசைட் பண்ணலப்பா. வந்துட்டு சொல்றேன்."

போனை வைத்ததும் ஜெயந்தி என்னைப் பார்த்தாள். அவள் பார்வையிலேயே முக்கால்வாசி விளங்கிவிட்டது.

"பிள்ளைக மொத தடவையா நம்ம வீட்டுக்கு வருதுக. அவ மொகம் கோணாம நடந்துக்கங்க. அது என்ன, இது என்னன்னு நோண்டிக்கிட்டு இருக்காதீக. இந்தத் தடவ சொதப்புனீகன்னா அவ லீவுக்கும் வர மாட்டா, சொல்லிட்டேன்."

"நான் என்ன சொதப்புனேன்?"

"ஆமா, அன்னைக்கு நானா போயி அர்த்தம் கேட்டேன்?"

அதற்குமேல் என்ன பேச? விடுமுறைக்கு அவள் வந்தால் மூன்று மாதம் இருப்பாள். அந்த மூன்று மாதம்தான் எங்களுக்கு மிச்சம். அதற்கப்புறம் படிப்பு முடியும், வேலை வரும், பிறகு யார் வீட்டுக்கு யார் வரப் போகிறார்கள்? இதை ஜெயந்தி வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கம் வேலைக்குக் கிளம்பினோம்.

அந்தச் சீட்டுப் பெட்டி எப்படியும் வரும் என்று எனக்குத் தோன்றியது. இந்த வயதுப் பிள்ளைகள் அது இல்லாமல் எங்கும் போவதில்லை. சரி, படித்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். சலவைக்கூடத்தில் என் ஜோடி பிரெண்டா. அறுபதைத் தாண்டியவள், எல்லோரையும் லவ் என்று கூப்பிடுவாள். கம்பளி மடிக்க இரண்டு பேர் வேண்டும். அந்த முனையை அவள் பிடிப்பாள், இந்த முனையை நான் பிடிப்பேன், மடித்து மடித்து நடுவில் வந்து சேர்வோம். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் தன் வீட்டிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கூடையின் மேல் வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் பாடம் நடந்தது. ஒரு கம்பளிக்கு ஒரு சீட்டு. அசிங்கமானவற்றை அவள் முகம் மாறாமல் விளக்குவாள், நான்தான் கம்பளியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். மற்றவையும் நிறைய இருந்தன. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் மத்தியானம் ஊற்றிய இளஞ்சிவப்புக் கஸ்டர்ட். டிவியில் வானிலை சொல்லும்போது வரைபடத்தில் காந்த மேகங்களை ஒட்டி வைப்பாராம் ஒருவர், ஒருநாள் ஒரு மேகம் நழுவிக் கீழே விழுந்ததாம். மழையில் ஒழுகும் கேரவனில் ஒரு வாரம் குடும்பத்தோடு அடைந்து கிடப்பதற்குப் பெயர் விடுமுறையாம். இதையெல்லாம் சொல்லும்போது பிரெண்டாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நான் பாடம் கேட்கிற பையன் மாதிரித் தலையாட்டுவேன்.

"பாப் உன் மாமா" என்று ஒரு சீட்டு. காரியம் சுலபமாக முடிந்துவிட்டது என்பதற்கு அப்படிச் சொல்வார்களாம். யார் அந்த பாப் என்று கேட்டேன். பிரெண்டா கம்பளியைப் பிடித்தபடியே யோசித்தாள்.

"தெரியாது லவ். யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன்."

"தெரியாமலா இத்தனை வருஷமும் சொல்லிட்டிருக்கே?"

"எங்க அம்மா சொன்னாங்க, நான் சொல்றேன். நீங்க ஊர்ல செய்யறதெல்லாம் காரணம் தெரிஞ்சா செய்யறீங்க?"

 அடுத்த கம்பளியை எடுத்தோம்.

5

வந்தார்கள். ஹன்னா கலகலவென்று பேசுகிற பெண், ஜோஷ் கூச்சப்படுகிற பையன். சனிக்கிழமை மத்தியானம் ஜெயந்தி காரத்தைப் பாதியாகக் குறைத்துக் கோழிக்குழம்பு வைத்தாள். அதற்கே ஜோஷ் காதெல்லாம் சிவந்து, மறுபடியும் வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டான். பிறகு ஜெயந்தி டூட்டிக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது என் பக்கம் ஒரு விரலை ஆட்டிவிட்டுப் போனாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் நினைத்தபடியே பெட்டி வெளியே வந்தது. நான் அடுப்படியில் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தேன். மூன்று பேர் ஆடினால் சுவாரசியம் இல்லை என்று ஹன்னா எழுந்து வந்தாள். "மிஸ்டர் பாண்டியன், நீங்களும் வாங்களேன்."

"அப்பா டயர்டா இருப்பார்," என்று கயல் உள்ளேயிருந்து இங்கிலீஷில் சொன்னாள்.

அது உண்மைதான். பன்னிரண்டு வருடமாக டயர்டாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கயல் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கும்பிடு இருந்தது. நான் கண்ணை மூடித் திறந்து பதில் சொன்னேன். கேட்க மாட்டேன் தாயே.

உட்காரும்போது மெத்தையடியில் ஏதோ உறுத்தியது. கையை விட்டுப் பார்த்தால் ஒரு கற்றை வெள்ளைச் சீட்டு. எனக்குத் தெரியக் கூடாதவற்றையெல்லாம் அரிசியில் கல் பொறுக்குவது போல் கயல் பொறுக்கி ஒளித்து வைத்திருக்கிறாள். மூன்று வாரம் கம்பளிக்குப் பின்னால் வெட்கப்பட்டுக்கொண்டு நான் படித்த பாடம் அத்தனையும் அந்தக் கற்றையில் இருந்தது. சத்தம் போடாமல் அதை உள்ளே தள்ளிவிட்டேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் மஞ்சள் சீட்டு: முதல் சந்திப்பிலேயே காதலை முறித்தது எது? என் கையில் இளஞ்சிவப்புக் கஸ்டர்ட் இருந்தது. பிரெண்டா உருண்டு சிரித்த சீட்டு. தைரியமாகப் போட்டேன். ஹன்னா உரக்கப் படித்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஜோஷ் மெதுவாக, "அது என்னது?" என்றான்.

ஹன்னாவுக்கும் தெரியவில்லை. கயலுக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் நான் விளக்கினேன். உங்கள் பள்ளிக்கூடங்களில் முன்பு மத்தியானச் சாப்பாட்டோடு அப்படி ஒன்று தருவார்கள், மேலே ஆடை படிந்திருக்கும், பிள்ளைகள் அதைக் கரண்டியால் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார்கள் என்றேன். "ஓ, அப்படியா!" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்து மேகம் விழுந்த வானிலைக்காரர். அதையும் நான்தான் விளக்கினேன். தேவிகுளத்தில் பிறந்தவன் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்தைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கயல் என் பக்கம் சாய்ந்து தமிழில் கேட்டாள். "யாருப்பா உங்களுக்கு இதெல்லாம் சொன்னாங்க?"

"பிரெண்டா."

"அப்பா! பிரெண்டாவுக்கு அறுபது வயசு!"

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, தலையில் அடித்துக்கொள்வதை அடக்கினாளா தெரியவில்லை. நான் படித்ததெல்லாம் தப்பான பாடம் என்று அப்போதுதான் உறைத்தது. சரியான பாடம் படித்திருந்தாலும் ஜெயித்திருக்க மாட்டேன். விளக்கிச் சிரிக்க வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா என்ன?

முதல் ஆட்டம் முடிந்தது. ஹன்னா முன்னால் மஞ்சள் சீட்டு குவிந்து கிடந்தது. ஜோஷிடமும் கயலிடமும் கொஞ்சம் இருந்தது. என் முன்னால் வெறும் மேசை. பக்கத்தில் பாதி தின்ற சிப்ஸ் பாக்கெட், நமத்துப் போகாமல் இருக்க வாயில் துணிக் கிளிப் போட்டிருந்தது. என் கை தன்னால் போனது. கிளிப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்துவிட்டேன்.

சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. எஸ்டேட்டில் லேபர் கிளப்புக்கு முன்னால் பெஞ்சைப் போட்டு ஆடிய நாளெல்லாம் செய்த காரியம் அது. தோற்றால் காதில் ஏறும், பேசாமல் அடுத்த கை போடுவோம். நிமிர்ந்து பார்த்தபோது மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோஷின் வாய் பாதி திறந்திருந்தது.

"அது எதுக்கு?" என்றாள் ஹன்னா. என்னிடம் இல்லை, கயலிடம்.

கயல் முகம் இறுகியது. "அப்பா... எடுங்க," என்றாள் மெதுவாக.

எடுத்தேன். சும்மா, பழக்கம் என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தேன். புரியாவிட்டால் சும்மா சிரிக்கச் சொன்னவள் அவள்தானே? கிளிப்பை மேசைமேல் வைத்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக அலுப்பாக இருந்தது. உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். இருபத்தெட்டு என்றால் என்ன, ஜாக்கி ஏன் பெரியவன், குணுக்கு என்றால் என்ன என்று. யாருக்கு வேண்டும் அது? போச்சு, இனி விடுமுறையும் இல்லை, ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு சீட்டைப் போட்டேன்.

இரண்டாவது ஆட்டத்தில் கயலின் கவனம் சீட்டில் இல்லை. ஏதோ கையில் வந்ததைப் போட்டாள். ஹன்னா இரண்டு தடவை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. நான் எதேச்சையாகப் போட்ட ஒரு சீட்டுக்கு ஜோஷ் வாய்விட்டுச் சிரித்து, எனக்கு ஒரு மஞ்சள் சீட்டு கிடைத்தது. அவன் எதற்குச் சிரித்தான் என்று நான் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்து பார்த்தால் கயல் முன்னால் ஒன்றுமே இல்லை.

அவள் கொஞ்ச நேரம் அந்த வெறும் இடத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, மேசைமேல் கிடந்த கிளிப்பை எடுத்துத் தன் காதில் மாட்டினாள்.

"ஆ! வலிக்குதுப்பா!" என்றாள். "அங்க பூதானே மாட்டுவோம்?"

நான் கையில் இருந்த சீட்டுகளைக் கீழே வைத்தேன்.

"சிவப்பா, ஜிமிக்கி மாதிரித் தொங்குமே. கிளப் வேலில இருக்கும். நான்தானே பறிச்சிட்டு வருவேன்? சுப்பையா மாமா காதுல முடி இருக்கும், அதுல மாட்டவே மாட்டாது."

எனக்கே மறந்துபோயிருந்தது. ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளையாக என் மடியில் உட்கார்ந்திருப்பாள். ஆட்டம் முடிந்ததும் வேலிக்கு ஓடுவாள். தோற்ற ஆண்கள், பெரிய மீசைக்காரர்கள், அவளுக்கு எட்டட்டும் என்று வரிசையாகத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அவள் ஒவ்வொரு காதாகப் பார்த்துப் பார்த்துப் பூ மாட்டிவிடுவாள். நான் மலையைவிட்டு இறங்கும்போது எதையெல்லாமோ மூட்டை கட்டினேன். அவள் இதைக் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது.

ஹன்னாவுக்குப் பொறுக்கவில்லை. என்ன, என்ன என்று கயல் தோளைப் பிடித்து உலுக்கினாள். கயல் இங்கிலீஷில் விளக்கினாள். எங்கள் ஊரில் சீட்டில் தோற்றவர் காதில் இதை மாட்டிக்கொள்ள வேண்டும், ஜெயிக்கிற வரைக்கும் கழற்றக் கூடாது என்றாள். எங்கள் ஊர் என்றாள். இதுவரை அவள் அதை அப்பா ஊர் என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள்.

"காதுல ஏன்?" என்றான் ஜோஷ்.

கயல் தோளைக் குலுக்கினாள். "தெரியாது. யாருக்கும் தெரியாது."

அடுத்த ஆட்டத்தில் ஜோஷ் தோற்றான். யாரும் சொல்லாமலே அடுப்படிக்குப் போய் இழுப்பறையைக் குடைந்து இன்னொரு கிளிப்பைத் தேடி எடுத்து வந்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அதற்கடுத்த ஆட்டத்தில் ஜெயித்துக் கழற்றியும்விட்டான். கயல் மட்டும் கடைசிவரை ஜெயிக்கவே இல்லை. ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடினாள். மழை விட்டதும் மூன்று பேரும் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள்.

6

மறுநாள் மத்தியானம் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். ஹன்னாவும் ஜோஷும் காப்பி வாங்கப் போன நேரம் பார்த்து கயல் சொன்னாள். "அப்பா, சம்மருக்கு அங்கேயே இருக்கேன்ப்பா. ஹன்னாவோட அத்த ஒரு கடை வச்சிருக்காங்க. வேலை தர்றேன்னு சொல்லிட்டாங்க."

"செரி," என்றேன்.

"கோவமா?"

"கோவம் எதுக்கு? நல்லா வேலை பாரு. நேரத்துக்குச் சாப்பிடு."

கோபம் இல்லை. வருத்தம் இருந்தது, அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பாள். அந்தப் பாரம் அவளுக்கு வேண்டாம். ரயில் வந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள், பையைத் தோளில் மாட்டினாள், ஏறினாள். ஜன்னல் வழியாகக் கை காட்டியபோதுதான் கவனித்தேன். பையின் வாரில் எங்கள் துணிக் கிளிப் கடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஜெயந்தி வேலை முடிந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்று சிப்ஸை எடுத்து வாயில் போட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"நமத்துப் போச்சு. திறந்தா போட்டு வைப்பாக? இதுல இருந்த கிளிப் எங்கங்க?"

"கயல் கொண்டு போயிட்டா."

"அவளுக்கு எதுக்கு அது? என்ன சொன்னா, லீவுக்கு வாராளா?"

"வரலயாம். அங்கேயே வேலையாம்."

 ஜெயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். ஒரு கால் கழற்றியவள் மறு காலைக் கழற்றாமல் அப்படியே இருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"நேத்து சீட்டு ஆடுனோம்," என்றேன். "கயல் தோத்துட்டா. அந்தக் கிளிப்பக் காதுல மாட்டுனா."

ஜெயந்தி நிமிர்ந்தாள். அவளும் லேபர் கிளப்புக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள்தான்.

"கடைசில ஜெயிச்சாளா?"

"ஜெயிக்கல."

"கழட்டாமலேயா போயிட்டா?"

"பையில மாட்டிக்கிட்டுப் போயிட்டா."

பாக்கெட்டிலிருந்து இன்னொரு நமத்த சிப்ஸை எடுத்து மெதுவாக மென்றாள். பிறகு பாக்கெட்டை என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப வருவா," என்றாள்.